திங்கட்கிழமை விசுவாசம்: அன்றாட ஒழுங்கும் சபை வாழ்வும்

ஆவிக்குரிய வளர்ச்சியைப் பற்றிப் பேசாத கன்வென்ஷன் தமிழ்ச் சபைகளில் கிடையாது. மூன்று நாள் கூட்டம், பெயர்பெற்ற பிரசங்கியார், கடைசி இரவில் ஒப்புக்கொடுத்தல். திங்கட்கிழமை காலையில் எல்லாரும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் என் கேள்வி. ஒரு விசுவாசி வளர்வது கதவைப் பூட்டிக்கொண்டு செய்யும் ஜெபத்திலும் வேதவாசிப்பிலுமா, ஆராதனை, திருவிருந்து, ஐக்கியம் என்று சபையோடு சேர்ந்து நடப்பதிலா? இரண்டும் வேண்டும் என்று சொல்லிவிட்டு எழுந்துவிடலாம். ஆனால் எது எதைத் தாங்குகிறது, எந்த இடத்தில் அறுந்துபோகிறது என்று தெரிய வேண்டுமானால் சபையின் பழைய வழக்கங்களை எடுத்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்ததில் எனக்கு ஒன்று உறுதிப்பட்டது. தனி ஒழுங்கு என்று நாம் எண்ணும் ஜெபமும் வாசிப்பும் உபவாசமும் நிலைத்த இடங்களிலெல்லாம், அவற்றைப் பற்றி அன்போடு விசாரிக்க ஓர் ஆள் இருந்திருக்கிறார்.

தொடக்கச் சபையைப் பற்றிய குறிப்புகள் இதைத் தெளிவாகவே காட்டுகின்றன. அப்போஸ்தலர் நடபடிகள் இரண்டாம் அதிகாரம் எருசலேம் விசுவாசிகளைப் பற்றிச் சொல்லும்போது அப்போஸ்தலரின் உபதேசம், ஐக்கியம், அப்பம் பிட்குதல், ஜெபம் என்ற நான்கையும் ஒரே மூச்சில் சொல்கிறது. எது தனியாள் வேலை, எது சபையின் வேலை என்று பிரிப்பதில்லை. சபையின் மிகப் பழைய கையேடுகளில் ஒன்றான 'திதாகே' கர்த்தருடைய ஜெபத்தை நாளொன்றுக்கு மூன்று முறை சொல்லச் சொல்கிறது. புதனும் வெள்ளியும் உபவாசிக்கச் சொல்கிறது. நாளும் வேளையும் சபைக்கே பொதுவாக இருந்ததால், தனியாக ஜெபிக்கிறவரும் மற்றவர்களோடு சேர்ந்துதான் ஜெபித்தார். இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் ரோமாபுரியில் எழுதிய யுஸ்தீன், ஞாயிறு ஆராதனையை விவரிக்கும்போது இரண்டு செய்திகளை விடாமல் சொல்கிறார். கூட்டத்துக்கு வர முடியாதவர்களுக்கு அப்பத்தை உதவிக்காரர்கள் வீட்டுக்கே கொண்டுபோனார்கள். காணிக்கைப் பணம் திக்கற்றோர், விதவைகள், நோயாளிகள், சிறைப்பட்டோர், அந்நியர் ஆகியோருக்குப் போனது. வராதவரின் பெயர் நினைவில் இருந்த சபை அது.

தமிழ்க் கரையில் இந்த ஒழுங்கு வேரூன்றிய கதை 1542இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் ஓரளவு அறிந்தவர்களை உட்காரவைத்து சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், கர்த்தர் கற்பித்த ஜெபம், மரியன்னை ஜெபம், பத்துக் கட்டளைகள் ஆகியவற்றைத் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். அவர் கையாண்ட முறையில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு: படித்ததைப் பெற்றோருக்கும் வீட்டாருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக்கொடுக்கும்படி பிள்ளைகளிடமே ஒப்படைத்தார். ஜெபம் பிள்ளைகள் வழியாக வீட்டுக்குள் போனது. அவருக்குப் பின் வந்த அண்டிரிக் அடிகளார் 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' இந்திய மண்ணில் இந்திய எழுத்தில் வெளிவந்த முதல் அச்சு நூல். பதினாறே பக்கம். நம் மொழி தன் சொந்த எழுத்தில் அச்சேறிய முதல் நூலே சாதாரண மனிதர் அன்றாடம் சொல்ல வேண்டிய ஜெபங்களும் போதனையும் அடங்கியது என்பதை ஒவ்வொரு தமிழ்க் கிறிஸ்தவரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். அதன்பின் ஒழுங்கின் மையம் மனப்பாடத்திலிருந்து வாசிப்புக்கு நகர்ந்தது. ஆனால் திருநெல்வேலிச் சீமையில் வளர்ந்த கிராமச் சபைகளில் மனப்பாடமும் வாசிப்பும் கைகோத்தே நடந்தன. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் காலத்திலும், 1841இல் இடையன்குடியில் குடியேறிய கால்டுவெல் காலத்திலும், ஊர்களில் சபையை நாள்தோறும் நடத்தியவர் உபதேசியார்தான். காலையிலும் மாலையிலும் மணி அடிக்கும். பனையேறிவிட்டு வந்தவர்களும் வயலிலிருந்து திரும்பியவர்களும் சிறு ஜெபவீட்டில் கூடுவார்கள். உபதேசியார் வேதம் வாசிப்பார், கேள்வி கேட்பார், எழுத்தறியாதவர்களுக்கு ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொடுப்பார். இரண்டு நாள் ஒருவர் வரவில்லையென்றால் மூன்றாம் நாள் அவர் வீட்டு வாசலில் உபதேசியார் நிற்பார். அவர் பெரும்பாலும் குருப்பட்டம் பெறாதவர், சொற்பச் சம்பளக்காரர். தென்தமிழகச் சபைகளின் ஆவிக்குரிய வரலாற்றை எழுதுகிறவர்கள் மிஷனெரிகளுக்குக் கொடுக்கும் பக்கங்களில் பாதியையாவது இவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அந்த ஜெபவீட்டின் சிறு உருவம்தான் குடும்ப ஜெபம். தெற்கத்திக் கிறிஸ்தவ வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் பாய் விரிக்கப்படும். தாத்தா ஒரு சங்கீதத்தின் எண்ணைச் சொல்வார். வேதாகமம் கைமாறி வர, ஆளுக்கொரு வசனம். எழுத்துக்கூட்டிப் படிக்கும் சின்னவன் நீளமான ஒரு பெயரில் மாட்டிக்கொண்டு விழிக்கும்போது அக்காள் குனிந்து காதில் சொல்லுவாள். பள்ளிக்கூடமே போகாத ஆச்சி, தன் முறை வந்ததும் புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, பார்க்காமலே முழுச் சங்கீதத்தையும் சொல்லி முடிப்பாள். பிறகு ஒரு கீர்த்தனை. ஜெபத்தில் வயிற்றுவலிக்காரப் பெரியம்மா முதல் கடனுக்கு அலையும் பக்கத்து வீட்டுக்காரர் வரை எல்லார் பெயரும் வரும். பிள்ளைகளுக்குத் தூக்கம் வரும். சில நாள் பெரியவர்களுக்கும் வரும். ஆனாலும் அந்தப் பாயில்தான் ஒரு தலைமுறை வேதத்தின் மொழியைக் கற்றது, அடுத்தவருக்காக வாய்திறந்து வேண்டவும் கற்றது. தனி ஜெபமும் சபை ஜெபமும் பிரியாமல் கலந்திருந்த இடம் அது. இன்று ஒரே வீட்டில் நான்கு பேர் நான்கு நேரத்துக்கு உண்கிறார்கள். முதலில் கழன்றுபோனது இந்த வழக்கம்தான்.

தனி ஜெபத்தைப் பற்றி எழுதியவர்களில் நான் அடிக்கடி திரும்பிப் போகிறவர் லுத்தர். அவருடைய முடிதிருத்துநர் பீட்டர் எப்படி ஜெபிப்பது என்று கேட்டதற்கு 1535இல் ஒரு சிறு நூலையே பதிலாக எழுதினார். பெரிய இறையியலாளர் தமக்குச் சவரம் செய்கிறவரின் கேள்விக்கு உட்கார்ந்து எழுதிய அந்தப் பதில் மிக நடைமுறையானது. மனம் குளிர்ந்து கிடக்கிறதா, சங்கீதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போ, அல்லது சபை கூடியிருக்கும் ஆலயத்துக்குப் போ என்கிறார். பத்துக் கட்டளைகளில் ஒவ்வொன்றையும் எடுத்து, அது கற்பிப்பது என்ன, அதற்காக நன்றி சொல்ல வேண்டியது என்ன, அதில் நான் தவறியது எங்கே, இப்போது கேட்க வேண்டியது என்ன என்று நான்கு இழையாகப் பின்னச் சொல்கிறார். கத்தி பிடித்திருக்கும்போது வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தால் வாடிக்கையாளரின் மூக்கு போய்விடும். ஜெபத்துக்கும் அதே கவனம் வேண்டும் என்று அந்தத் தொழிலிலிருந்தே எடுத்துக்காட்டும் கொடுக்கிறார். ஜெபிக்கத் தெரியவில்லை என்று வருகிறவரிடம் இன்னும் அதிகமாக ஜெபியுங்கள் என்று சொல்லி அனுப்பும் நம் வழக்கத்துக்கு இது எவ்வளவு தூரம்! ஜெபம் கற்றுக்கொடுக்கப்பட வேண்டியது. சீஷர்களே இயேசுவிடம் அதைக் கற்றுத்தரும்படி கேட்டார்கள்.

வேதவாசிப்புக்கு நம் சபைகளில் நல்ல கணக்கு ஒன்று உண்டு. தினம் மூன்று அதிகாரம், ஞாயிறு ஐந்து அதிகாரம் வாசித்தால் 1,189 அதிகாரங்களும் ஓராண்டில் முடிந்துவிடும். ஸ்காட்லாந்தில் டண்டி நகர ஆயரான ராபர்ட் மக்செயின் 1842இல் தம் சபைக்குக் கொடுத்த அட்டவணை இன்றும் உலகமெங்கும் புழங்குகிறது. பழைய ஏற்பாடு ஒருமுறையும் புதிய ஏற்பாடும் சங்கீதங்களும் இருமுறையும் முடியும். அட்டவணையைவிட அதோடு அவர் எழுதிய எச்சரிக்கை முக்கியமானது. இது வெறும் சடங்காகிவிடலாம், முடித்தவருக்குத் தற்பெருமை வரலாம், அவசரத்தில் கண் மட்டும் ஓடலாம், சிலருக்குச் சுமக்க முடியாத நுகமாகலாம் என்று முன்கூட்டியே சொன்னார். அதே நேரத்தில், சபை முழுதும் ஒரே நாளில் ஒரே பகுதியை வாசித்தால் சந்திக்கும் இடங்களில் அதைப்பற்றிப் பேசிக்கொள்ளலாம் என்பதை அதன் பெரிய நன்மையாகக் கண்டார். நாம் அட்டவணையை எடுத்துக்கொண்டோம், பேசிக்கொள்வதை விட்டுவிட்டோம்.

புத்தாண்டு இரவில் எடுக்கும் வாக்குத்தத்த வசனத்தையும் இங்கே சொல்ல வேண்டும். அந்த ஒரு வரியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடினமான ஓராண்டைக் கடந்தவர்களை நான் அறிவேன். அவர்கள் ஆறுதலை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் எரேமியா 29இலிருந்து நம்பிக்கை வரியை எடுக்கிறவர், அது சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதம் என்பதையும், எழுபது ஆண்டு காத்திருக்கச் சொன்ன கடிதம் என்பதையும் அறிய வேண்டும். அந்தப் பட்டணத்தின் நன்மைக்காக ஜெபிக்கச் சொன்ன வரியும் அதே அதிகாரத்தில்தான் இருக்கிறது. அட்டையைக் கொடுக்கும் ஆயர் அந்த முழு அதிகாரத்தையும் ஜனவரி மாதத்தில் வாசிக்கச் சொன்னாலே போதும், வளர்ச்சிக்கு ஒரு வழி திறக்கும்.

உபவாசத்தில் நம் சபைகள் பணக்காரச் சபைகள்தான். லெந்து நாட்களில் கறிமீன் ஒதுக்குவோர் உண்டு. வெள்ளிதோறும் உபவாசக் கூட்டம் உண்டு. முழு இரவு ஜெபம் உண்டு. ஆனால் அன்று சாப்பிடாத உணவு எங்கே போகிறது? இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் எழுதப்பட்ட 'எர்மாவின் மேய்ப்பர்' என்ற நூல், உபவாச நாளில் உண்ணாமல் விட்ட உணவின் விலையைக் கணக்கிட்டு அதை விதவைக்கோ திக்கற்றவருக்கோ கொடுக்கச் சொல்கிறது. ஏசாயா 58 கேட்பதும் அதுவே. நம் பெண்கள் இதற்கு இணையான வழக்கம் ஒன்றை உலையடியிலேயே கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். சோற்றுக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவது. கலயம் நிறைந்ததும் கோயிலில் சேர்ப்பது. பணம் கண்ணால் காணாத வீடுகளிலும் காணிக்கை கொடுக்க இது வழிசெய்தது. மிசோராம் சபைகளில் 1910இல் தொடங்கிய இதே கைப்பிடி அரிசி வழக்கம் இன்றும் ஊழியங்களைத் தாங்கி நிற்கிறது. கையில் காசு புழங்கத் தொடங்கிய பிறகு நம்மிடம் அது மெலிந்துவிட்டது. மாதம் ஒருமுறை வங்கிக் கணக்கிலிருந்து போகும் தசமபாகம் தொகையில் பெரியதாக இருக்கலாம். தினம் இரண்டு வேளை அடுப்படியில் கடவுளையும் ஏழையையும் நினைக்கவைத்த அந்தப் பிடி அரிசி செய்த வேலையை அது செய்வதில்லை.

இனி சபையின் பக்கம் வருவோம். 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் மெதடிஸ்தருக்கு ஆலயக் கடன் இருந்தது. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுத்து அடைக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர் வீதம் வீடுவீடாகப் போய் வசூலித்தார்கள். போன இடத்தில் ஒருவர் குடியில் கிடப்பதையும், வேறொரு வீட்டில் சண்டை மூண்டிருப்பதையும் தலைவர்கள் கண்டுவந்து சொன்னார்கள். ஜான் வெஸ்லி அந்தக் கணத்தில் விழித்துக்கொண்டார்: இத்தனை நாளாகத் தாம் தேடிக்கொண்டிருந்த மேய்ப்புமுறை இதுதான்! வசூல் குழு ஆத்தும விசாரணைக் குழுவாயிற்று. உன் ஆத்துமா எப்படியிருக்கிறது என்று வாரந்தோறும் பெயர்சொல்லிக் கேட்கும் பன்னிரண்டு பேர் கொண்ட வட்டம் மெதடிஸ்த இயக்கத்தின் முதுகெலும்பாக இருந்தது. தமிழகக் கத்தோலிக்கத் திருச்சபையின் அன்பியங்களும், பெந்தெகொஸ்தே சபைகளின் வீட்டுக்கூட்டங்களும் இதே தேவையை உணர்ந்தே எழுந்தவை. பல இடங்களில் அவை இன்னொரு கூட்டமாக, இன்னொரு பிரசங்கமாகச் சுருங்கிவிட்டன என்பதுதான் வருத்தம். பேசுகிறவர் ஒருவர், கேட்கிறவர் பதினைந்து பேர் என்றால் அது வகுப்பு. அங்கே யாரும் யாரையும் விசாரிக்க முடியாது.

கூட்டங்களைப் பெருக்கினால் விசுவாசிகள் வளர்வார்கள் என்ற நம்பிக்கையை அமெரிக்காவில் ஒரு பெரிய சபையே சோதித்துப் பார்த்தது. சிகாகோ அருகே உள்ள வில்லோ கிரீக் சபை தன் ஆய்வின் முடிவுகளை 2007இல் வெளியிட்டபோது, நிகழ்ச்சிகளில் அதிகம் கலந்துகொள்வதால் மட்டும் கடவுள்மேலும் மனிதர்மேலும் அன்பு பெருகவில்லை என்பதை ஒப்புக்கொண்டது. வேதத்தைத் தானே வாசித்துத் தியானிக்கும் பழக்கம்தான் எல்லா நிலையிலும் அதிகம் உதவியதாகத் தெரிந்தது. இதை வைத்துச் சபை தேவையில்லை என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. அது அவசர முடிவு. ஜெர்மனியில் ஹிட்லர் காலத்தில் பிங்கன்வால்டேயில் இரகசியம்போல நடந்த குருமடத்தில் டீட்ரிக் போன்ஹோபர் செய்ததைப் பார்க்க வேண்டும். காலையில் அரைமணி நேரம் ஒவ்வொருவரும் தனித்தனியாக ஒரே வேதபகுதியைத் தியானிக்க வேண்டும் என்றார், மாணவர்கள் முணுமுணுத்தார்கள். ஒருவருக்கொருவர் பாவ அறிக்கை செய்யும் வழக்கத்தையும் கொண்டுவந்தார். தனிமையில் இருக்க முடியாதவர் கூட்டத்துக்கும், கூட்டத்தில் இருக்க முடியாதவர் தனிமைக்கும் அஞ்ச வேண்டும் என்பது அந்த அனுபவத்திலிருந்து அவர் எழுதி 1939இல் வெளிவந்த 'சேர்ந்து வாழ்தல்' பற்றிய நூலின் சாரம். 1937இலேயே கெஸ்டாபோ அந்த மடத்தை மூடிவிட்டது. பழகிய மாணவர்கள் சிறையிலும் போர்முனையிலும் அதே தியானத்தைத் தொடர்ந்தார்கள்.

தமிழ்ச் சபைக்கே உரிய சோதனை ஒன்று உண்டு. அதைத் தொடாத வளர்ச்சிப் பேச்சை நான் ஏற்க மாட்டேன். ஜெபமும் உபவாசமும் குறைவில்லாத சபைகளில் சாதி உட்கார்ந்திருந்தது. ஆராதனையில் தனித்தனி இடம், திருவிருந்தில் யார் முந்துவது என்ற தகராறு. 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் சாதி வேற்றுமையைச் சபைக்குள் முற்றாக விட்டொழிக்கும்படி கட்டளை அனுப்பியபோது தஞ்சையிலும் சென்னையிலும் பலர் சபையைவிட்டே விலகினார்கள். அருமையான கீர்த்தனைகளைத் தந்த தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரே அந்த ஒழிப்பை எதிர்த்து நின்றார். பக்திப் பாடலில் கண்ணீர் வரவழைக்கும் உள்ளம் பந்தியில் பக்கத்தில் உட்கார மறுக்க முடியும் என்றால், தனிப் பக்தி எவ்வளவு ஆழமாயிருந்தாலும் அது மட்டும் போதாது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவரைப் பிரித்து நின்ற சுவர் நம் காலத்திலும் செய்தியானது.

இந்தப் பின்னணியில்தான் தென்னிந்தியத் திருச்சபையின் வழிபாட்டில் ஒரு சிறு செயலை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். 1947 செப்டம்பர் 27இல் சென்னை ஜார்ஜ் பேராலயத்தில் பல சபைகள் ஒன்றாகி உருவான இந்தத் திருச்சபை, 1950இல் வெளியிட்ட திருவிருந்து ஒழுங்கில் சமாதானம் கொடுக்கும் பழைய வழக்கத்தை மீட்டது. குருவானவர் தம் உள்ளங்கைகளுக்கு நடுவே அடுத்தவரின் கைகளை வாங்கிச் சமாதானம் சொல்ல, அது கைக்குக் கை மாறி கடைசி வரிசை வரை போகிறது. கேரளத்துச் சிரியன் சபைகளிடமிருந்து வந்த வழக்கம். தொடுகையே தீட்டாக இருந்த மண்ணில், அப்பத்துக்கு முன்னால் அடுத்தவர் கையைத் தொட்டாக வேண்டும். யார் கை என்று தேர்ந்தெடுக்க முடியாது; பக்கத்தில் இருப்பவர் கை. இதை வாரம் வாரம் செய்கிற உடம்பு எதையாவது கற்றுக்கொள்ளாமல் போகாது. இன்று பல ஆலயங்களில் இது நின்ற இடத்திலிருந்தே கும்பிடு போடுவதாக மாறிவிட்டது; 2020 கொரோனாக் காலம் அதற்கு நியாயமான காரணம் கொடுத்தது, காரணம் போன பிறகும் கைகள் திரும்பி வரவில்லை. திரும்பக் கொண்டுவர வேண்டும்.

அதே கொரோனா அடைப்பில் பல வீடுகளில் பாய் மறுபடி விரிக்கப்பட்டதையும் சொல்ல வேண்டும். ஆலயம் பூட்டிக்கிடந்த மாதங்களில் அப்பாக்கள் வேதாகமத்தைத் திறந்தார்கள். கைபேசியில் ஒலி வேதாகமம் வந்ததால் கண் மங்கிய பாட்டிமார் முழுப் புத்தகத்தையும் கேட்டு முடித்தார்கள். ஆனால் ஞாயிறு ஆராதனையைத் திரையிலேயே பார்த்துப் பழகியவர்களில் ஒரு பகுதியினர் திரும்பவில்லை. திரையில் பிரசங்கம் கேட்கலாம். உங்கள் கண் சிவந்திருப்பதைத் திரை கவனிக்காது. வளைகுடா நாடுகளில் தமிழ்த் தொழிலாளர்கள் வார விடுமுறையில் வாடகை மண்டபத்தில் கூடி நடத்தும் ஆராதனைகளைப் பாருங்கள். ஷிப்டு முடிந்து தூங்காமலே வந்திருப்பார்கள். ஊரில் பாடிய அதே பாமாலை, அதே கீர்த்தனை. கூட்டம் முடிந்தபின் சம்பளம் வராதவர் யார், காய்ச்சலில் அறையில் கிடப்பவர் யார் என்று விசாரித்து, சாப்பாட்டுப் பொட்டலத்தோடு இருவர் கிளம்புவார்கள். யுஸ்தீன் விவரித்த சபையை அங்கே பார்க்கலாம்.

உபதேசியார் இருந்த இடம் இன்று காலியாக இருக்கிறது. தென் மாவட்டங்களில் ஒரு சேகர குருவின் பொறுப்பில் பல கிராமச் சபைகள். அவர் ஞாயிறன்று ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு வண்டியில் ஓடுகிறார், வார நாட்களில் திருமணம், அடக்கம், கமிட்டி. அவரால் ஒவ்வொரு வாசலிலும் நிற்க முடியாது. வெள்ளாளன்விளையில் பிறந்து 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான அசரியா, தோர்ணக்கலில் ஞானஸ்நானம் பெறும் ஏழைத் தொழிலாளிகளைத் தங்கள் தலையில் கைவைத்து, சுவிசேஷம் சொல்லாவிட்டால் எனக்கு ஐயோ என்று பவுல் சொன்னதைத் தாங்களும் சொல்லச் செய்தார். விசுவாசியான நாளிலேயே அடுத்தவர்மேல் பொறுப்பு வந்துவிடுகிறது என்று அவர் நம்பினார். நம் சபைகளில் அந்தப் பொறுப்பை ஏற்கத் தகுதியானவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள்: பெண்கள் ஐக்கிய சங்கத்தில் நோயாளி வீடுகளுக்குச் சொல்லாமலே போய்வரும் அக்காமார், ஓய்வுநாள் பள்ளியில் பல தலைமுறைக்கு வசனம் சொல்லிக்கொடுத்த ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். அவர்களுக்குச் சபையில் பதவி கிடையாது, கமிட்டித் தேர்தலில் அவர்கள் நிற்பதுமில்லை. வீட்டுக்கு வீடு பத்துப் பன்னிரண்டு பேரை அவர்களிடம் பெயர்சொல்லி ஒப்படைத்து, ஜெபிக்கவும் வாசிக்கவும் கற்றுக்கொடுக்கும் முறையில் பயிற்சி தந்து, மாதம் ஒருமுறை ஆயர் அவர்களோடு உட்கார்ந்து கேட்க வேண்டும். அடுத்த ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் கன்வென்ஷன் பந்தலுக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கும்படி சேகரக் கமிட்டிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.